நாயின் குதிகால் பற்றிய தீர்மானம்

படத்தில் வரும் விலங்குகளுக்கு எங்கள் நாட்டில் ஏழு உணர்ச்சிகள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன: மகிழ்ச்சி, விசுவாசம், கம்பீரம், தாய்மை, விழிப்பு, பசி, நன்றி. பயம் பட்டியலில் இல்லை. மான் மட்டும் பயப்படலாம். அப்போதும் அதே காட்சியில் சிங்கம் இருக்க வேண்டும், சிங்கத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சிங்கம் எவ்வளவு பசியோடு இருந்தாலும் கம்பீரம் குறையக்கூடாது.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் விலங்கியல் படித்தவள். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல், நைரோபி ரிவர் ரோட்டில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் அனிமேஷன் செய்கிறேன். கூட ஒடேரா இருக்கிறான். ஒலியும் இசையும் அவன், விலங்குகள் நான். கோழித்தீவனத்துக்காக ஒரு கோழியை ஆடவிட்டிருக்கிறேன். பற்பசைக்காக ஒரு முதலை செய்தேன். முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது என்று நான் சொன்னதும் பற்பசைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

போன வருடம் மார்ச் மாதம் அக்கா முதேயு போன் செய்தாள். மக்குவேனிப் பக்கம் கிதுலுனி என்ற ஊரில் அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

"முவேமா செத்துட்டான்டி," என்றாள்.

முவேமா அவளுடைய மூன்றாம் வகுப்புப் பையன். தெருவில் ஒரு நாய் வாயைத் திறந்து, எச்சில் ஒழுக, தள்ளாடி வந்திருக்கிறது. பாவம், தாகம் என்று நினைத்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோய் வைத்திருக்கிறான். மணிக்கட்டில் ஒரு கீறல். சின்னக் கீறல் என்பதால் வீட்டில் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து, தண்ணீரைப் பார்த்தாலே அவனுக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது.

"அவன் ஒன்னும் குறும்பு பண்ணலடி வயு. கல்லெடுத்து எறியல. தண்ணி குடுத்தான். நல்ல பிள்ளையா இருந்ததுக்குச் செத்தான்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஒரு நாய் வரைஞ்சு குடு. பிள்ளைங்க பாத்த உடனே பின்னால போகணும். பாவம்னு தோணவே கூடாது. முடியுமா உன்னால?"

முடியும் என்றேன். எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது.

கோபக்கார நாய் சுலபம். பல்லைக் காட்டினால் போதும், குழந்தை தானாக விலகும். வெறிநோயில் பல நாய்கள் பல்லைக் காட்டுவதில்லை. தாடை செயலிழந்து தொங்குகிறது, பின்னங்கால் துவள்கிறது. பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வருகிறது. அந்த இரக்கம் வராத ஒரு நிலையை நான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் பொய் சொல்லாமல்.

கால்நடைக் கல்லூரியில் பழைய படச்சுருள்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒரே நாயை நானூறு தடவை பார்த்தேன். கடைசியில்தான் பிடிபட்டது. நலமான நாயின் உடம்பு முழுவதும் ஒரே விஷயத்தைச் சொல்லும். பயம் என்றால் காது, வால், முதுகு, கண் எல்லாமே பயம். நோய் வந்த நாயில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக இருக்கிறது. ஒரு காது முன்னால், ஒரு காது பக்கவாட்டில். தலை ஒரு பக்கம் போக முடிவு செய்கிறது, இடுப்பு கொஞ்சம் தாமதமாக வருகிறது. கண் உங்கள் மேல்தான் இருக்கிறது, ஆனால் உங்களைப் பார்க்கவில்லை. அந்த உடம்புக்குள் யாரும் இல்லை.

ஒடேரா தரையில் நாலு காலில் நடப்பான், நான் செல்போனில் படம்பிடிப்பேன். அனிமேஷன் செய்கிற எல்லோரும் இப்படித்தான், வரைவதற்கு முன் உடம்பால் செய்து பார்ப்போம்.

"ஏன் தாயே, எப்பவும் நான்தான் நாயா?" என்பான். "ஒரு நாள் நீ இறங்கேன்."

"எனக்கு வெக்கமா இருக்கு."

"கதவு சாத்தியிருக்கு. இங்க நான் ஒருத்தன்தான். நானே நாயா இருக்கேன்."

நான் இறங்கியதே இல்லை.

ஜூன் மாதம் முடிந்தது. மூன்று நிமிடப் படம். எங்கள் கட்டடப் படிக்கட்டில் விளையாடும் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். நாய் திரையில் நாலு எட்டு வைத்தது. சின்னவள் ஒருத்தி எழுந்து அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒடேரா என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அன்று இரண்டு பேரும் கூடுதலாக ஒரு சமோசா சாப்பிட்டோம்.

பள்ளிகளில் காட்டுவதற்கு முத்திரை வேண்டும் என்று அக்காவின் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். முத்திரை தருவது விலங்குத் தோற்ற ஒப்புதல் ஆணையம். ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தாவது வரை போகும்.

முதல் அமர்வு ஜூலையில். காலை ஒன்பது மணிக்கு ஜெபத்தோடு தொடங்கியது. பிறகு உறுப்பினர்கள் ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, மேதகையோர் அனைவரையும் பெயர் சொல்லி விளித்து, நெறிமுறைகள் யாவும் கடைப்பிடிக்கப்பட்டதாகக் கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். மேதகையோர் என்பது அவர்களே. பிறகு தேநீரும் மந்தாசிப் பணியாரமும். படம் போடும்போது பதினொன்றே முக்கால். படம் ஓடும்போது ஏழு பேரும் ஏழு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் டாக்டர் கச்சாஞ்சா. ஓட்டல் நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அன்பானவர். என் தயக்கத்தைப் பார்த்து, தானே தொடங்கினார்.

"பயப்படாதம்மா. நாங்க கலையோட எதிரிங்க இல்ல. பதினொரு வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு மிருகம்கூட எங்க மேல புகார் குடுத்ததில்ல."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

உணர்ச்சிப் பிரிவு உறுப்பினர் திருமதி செரோட்டிச் கண்ணாடியைக் கழற்றினார். முன்பு சுற்றுலாச் சுவரொட்டிகள் தயாரித்தவர்.

"இந்த நாய் என்ன ஃபீல் பண்ணுது?"

"ஒன்னும் இல்ல மேடம்."

"ஒன்னும் இல்லையா?"

"அதுதான் மேடம் விஷயம். அதுக்குள்ள..."

"எங்க பட்டியல்ல 'ஒன்னும் இல்ல'ங்கறது இல்லையேம்மா. ஏழுல ஒன்னு டிக் பண்ணு."

"அதுக்கு நோய், மேடம்."

"நோய் உணர்ச்சி இல்ல. நோய்னா கால்நடைத் துறைக்குப் போ."

போனேன். கால்நடைத் துறை, வரைந்த நாய்க்கு நோய் வராது என்று எழுதிக் கொடுத்தது. அதில் தவறு சொல்ல முடியவில்லை. திரும்பி வந்தேன்.

இரண்டாவது அமர்வு உடற்கூறு. அந்தப் பிரிவு உறுப்பினர் திரு. ஒபூயா, முப்பது வருடம் உடற்பயிற்சி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்களின் உடம்பை அவ்வளவு காலம் பார்த்தவர் என்பதால் எலும்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒரு மரக் குச்சியோடு திரைக்குப் பக்கத்தில் போனார். நாயின் பின்னங்காலில் தட்டினார்.

"முட்டி பின்பக்கமா மடங்குது. இது நாயா, வெட்டுக்கிளியா?"

"அது முட்டி இல்ல ஐயா. குதிகால்."

திரு. ஒபூயாவின் குச்சி பாதியில் நின்றது.

"குதிகாலா? இவ்வளவு ஒசரத்துலயா?"

"நாய் விரல்ல நடக்கும் ஐயா. குதிகால் தரையில படாது. முட்டி மேல, வயித்துக்குப் பக்கத்துல இருக்கு. ரோமம் மறைச்சிடும்."

"எங்க வீட்ல பன்னெண்டு வருஷமா நாய் இருக்கு பொண்ணே. ஒரு நாளும் அது ஹை ஹீல்ஸ் போட்டு நடந்து நான் பாத்ததில்ல."

சிரித்தார்கள். 'உறுப்பினர்கள் சிரித்தனர்' என்று குறிப்பில் பதிவானது.

"சரி, செஞ்சு காட்டு," என்றார் திரு. ஒபூயா. "நீங்கல்லாம் உடம்பால செஞ்சு பாத்துத்தான் வரைவீங்களாமே. விண்ணப்பத்துல எழுதியிருக்கே."

எழுதியது நான்தான். கம்பளத்தில் இறங்கினேன். கைகளை ஊன்றி, முழங்காலை ஊன்றி நின்றேன். முழங்காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியிருந்தால் போதும். உடம்பின் எடை விரல்களுக்குப் போயிருக்கும், குதிகால் மேலே ஏறியிருக்கும், என் காலும் நாயின் காலும் ஒன்றுதான் என்று குச்சி பிடித்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் இடுப்பு உயரும். என் பாவாடை குட்டை. ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூக்கவில்லை.

திரு. ஒபூயா குச்சியால் என் முழங்காலைக் காட்டினார். "பாருங்க. முட்டி முன்பக்கமா மடங்குது. விஞ்ஞானம்!"

வாக்கெடுப்பு நடந்தது. நாயின் குதிகால் தரையில் இருக்கும் என்ற தீர்மானம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த மூவரும் குதிகாலே வேண்டாம் என்றவர்கள்.

நான் மாற்றினேன். செருப்பு தேய்த்து நடக்கும் ஓர் ஆளைப் போல நாய் நடந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் ஒடேரா. "பாலுக்கு வரிசையில நிக்கப் போற மாதிரி."

"கால்தானே. முகம் இருக்கு. முகத்த பாத்தாலே பிள்ளைங்களுக்குப் புரியும்."

அடுத்த அமர்வு முகம்.

எச்சில் சுகாதாரக் கேடு என்று எடுக்கப்பட்டது. எச்சில் போனதும் வாய் ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்வி வந்தது. மூடினால் நாய் சிடுசிடுவென்று தெரிகிறது என்றார்கள். ஆகவே பாதி திறந்து, ஓரங்களை மேலே ஏற்றினேன். காதுகள் இரண்டும் வெவ்வேறு பக்கம் பார்ப்பது ஒழுங்கீனம் என்றார் திரு. ஒபூயா. இரண்டையும் முன்னால் நிறுத்தினேன். வால் கால்களுக்கு நடுவே இருந்தது. திருமதி செரோட்டிச்சுக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம நாட்டு நாய் எதுக்கு வெக்கப்படணும்? வெளிநாட்டுக்காரங்களும் இந்தப் படத்த பாப்பாங்க."

வாலைத் தூக்கினேன்.

ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஒரு கோடு, நாலு புள்ளி. டிசம்பரில் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு நாய் என்னைப் பார்த்துப் புன்னகைத்தது. கண்ணில் உயிர் இருந்தது. எனக்கே கையை நீட்டித் தடவ வேண்டும் போலிருந்தது. நான் நன்றாகச் செய்திருந்தேன். என் வேலையை எப்போதும் நான் நன்றாகத்தான் செய்வேன். இந்தக் கதையில் என் குற்றம் அதுதான்.

கடைசி அமர்வில் ஏழில் ஒன்றைத் தேர்வு செய்தார்கள். நன்றி.

"ஆனா நன்றின்னா அதுக்கு ஒரு காரணம் வேணுமே," என்றார் திருமதி செரோட்டிச். "சும்மா யாரும் நன்றியோட இருக்க மாட்டாங்க. யாராவது அதுக்கு ஏதாவது குடுக்கணும்."

"ஒரு குழந்தை," என்றார் ஒருவர்.

"ஒரு குழந்தை அதுக்குத் தண்ணி குடுக்கட்டும்," என்றார் தலைவர். அவர் கண் லேசாகக் கலங்கியது. "ஒரு கிண்ணத்துல."

நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் கேட்காமல் நான் பேசியது அந்த ஒரு தடவைதான். முவேமாவைப் பற்றிச் சொன்னேன். கிண்ணம், கீறல், ஆறு வாரம். "இத பாத்தா பிள்ளைங்க கிட்ட போயிருவாங்க ஐயா. செத்துருவாங்க."

ஏழு பேரும் அதிர்ந்துபோனார்கள். அதில் நடிப்பு இல்லை. தலைவர் எழுந்தார். முவேமாவுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும்படி கேட்டுக்கொண்டார். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிடம் முடிந்ததும் உட்கார்ந்தார்கள்.

"அப்புறம், கிண்ணம் என்ன கலர்?" என்றார் தலைவர்.

நீலம் என்று முடிவானது.

"நான் செய்ய மாட்டேன்," என்றேன்.

"உன் மனசு எங்களுக்குப் புரியுதும்மா. நீ செய்ய வேண்டாம்." தலைவர் உண்மையாகவே கனிவோடு சொன்னார். "ஒன்பதாம் விதிப்படி, சமர்ப்பிச்ச படம் ஆணையத்தோட சொத்து. நாங்களே பாத்துக்கறோம். இங்க பாரு, நாங்க நாயைப் பத்தி மட்டும் யோசிக்க முடியாது. நாய் இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போகும். ஆணையம் நாளைக்கும் இருக்கணும்."

கிண்ணத்தையும் குழந்தையையும் வேறு யாரோ ஒரே மாலையில் சேர்த்துவிட்டார்கள். நாய் தயாராக இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. இறுதியில் 'விலங்குகள்: வயுவா' என்று என் பெயர் வந்தது.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. பலமுறை போனை எடுத்தேன். முத்திரை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "என் தங்கம்டி நீ," என்றாள்.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரம், நாலாயிரம் பள்ளிகளுக்கான வெளியீட்டு விழா கிதுலுனியில் நடந்தது. அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் முவேமா. ஆணையம் உணர்வுள்ள அமைப்பு. மைதானத்தில் வெள்ளைப் பந்தல், வெள்ளை நாற்காலிகள், முதல் வரிசையில் தண்ணீர் பாட்டில்கள். பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முவேமாவின் அம்மா நடேட்டேவை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, சட்டையில் ஒரு காகிதப் பூ குத்தியிருந்தார்கள்.

நெறிமுறைகள் பதினெட்டுத் தடவை கடைப்பிடிக்கப்பட்டன. பிறகு படம் வகுப்பறைக்குள் துணித் திரையில் ஓடியது. ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். நாய் வந்தது. பிள்ளைகள் "ஆ..." என்றார்கள். நாய் சிரித்தது, பிள்ளைகளும் சிரித்தார்கள். நீலக் கிண்ணம் வந்தது, நாய் குடித்தது, நிமிர்ந்து நன்றியோடு பார்த்தது. கைதட்டல்.

இருட்டில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இது என்னடி?"

நான் திரையையே பார்த்தேன்.

"வயு. இது என்ன?"

வெளியே வந்ததும் தலைவர் மைக்கை வாங்கினார். பிள்ளைகளைப் பார்த்து உற்சாகமாகக் கேட்டார்: "குழந்தைகளா! இந்த மாதிரி ஒரு நாய் உங்க தெருவுல வந்தா என்ன செய்வீங்க?"

இருநூறு பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்: "தண்ணி குடுப்போம்!"

"இன்னும் சத்தமா!"

"தண்ணி குடுப்போம்!"

பந்தலில் எல்லோரும் கைதட்டினார்கள். நடேட்டே கைதட்டவில்லை. மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உள்ளே எதையும் தேடவில்லை.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. அன்றும் பாவாடைதான் கட்டியிருந்தேன். பந்தலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே மண் தரை காலியாக இருந்தது. அங்கே போய் கைகளை ஊன்றினேன். முழங்காலை ஊன்றினேன். பிறகு முழங்காலைத் தூக்கினேன்.

எடை விரல்களுக்குப் போனது. குதிகால் இரண்டும் மேலே ஏறின. தாடையை விட்டேன், அது தொங்கியது. எச்சில் வந்தது, துடைக்கவில்லை. தலையை இடது பக்கம் திருப்பினேன். இடுப்பைப் பின்தங்கவிட்டேன், அது தாமதமாக வந்து ஒரு பக்கம் சரிந்தது. முதல் வரிசைப் பிள்ளைகள் மேல் கண்ணை வைத்தேன், அவர்களைப் பார்க்காமல் இருந்தேன். அதுதான் கஷ்டம். அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் என்னோடு பேசிப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

முதலில் சிரித்தார்கள். நான் இரண்டு எட்டு வைத்தேன். சிரிப்பு நின்றது. மூன்றாவது எட்டில் பின்னங்கால் துவண்டு, முழங்கால் கல்லில் மோதியது. எழுந்தேன். முதல் வரிசை உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தது. இரண்டாவது வரிசை எழுந்து நின்றது. யாரோ அழத் தொடங்கினார்கள்.

"அக்கா, நிறுத்துங்க," என்று ஒரு பிள்ளை என்னிடம் கெஞ்சியது.

நான் நிறுத்தவில்லை. ஒரு சிறுமியிடம் போனேன். அவள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, பந்தலிலிருந்து யாரோ கொடுத்தது. என் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். முதுகு வகுப்பறைச் சுவரில் முட்டும்வரை நடந்தாள்.

அக்கா முன்னால் வந்தாள். அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் வகுப்பறைக் குரல். "இந்த மாதிரி நாய் வந்தா என்ன செய்வீங்க?"

ஆசிரியையைப் பார்த்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "கிட்ட போக மாட்டோம் மவாலிமு."

"அப்புறம்?"

"பெரியவங்கள கூப்பிடுவோம்."

"கடிச்சா? சின்னதா கீறினா?"

"சொல்லணும்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

நான் இன்னும் நாலு காலில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் கேட்டான்: "மவாலிமு, அப்ப நாய்க்கு குதிகால் மேலயா இருக்கு?"

"ஆமா," என்றாள் அக்கா. "விரல்லதான் நடக்கும்."

"அதான நான் எப்பவும் நெனைப்பேன்," என்றான் அவன்.

திரு. ஒபூயா தலைவரிடம் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. "அந்தப் பொண்ணு முட்டிய தூக்கிடுச்சு. அது செல்லாது."

ஆணையத்தின் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. அங்கீகாரம் பெறாத ஒரு விலங்கைப் பொது இடத்தில் காட்டியது குற்றம். காட்டியவர் கலைஞரா விலங்கா என்பதில் சட்டக் குழப்பம் இருப்பதால், முன்தேதியிட்டு ஏழாம் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பவும். படிவம் இணைக்கப்பட்டிருந்தது. இனம், வயது, உணர்ச்சி. முன்பக்கம் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் புகைப்படம்.

"பக்கவாட்டுல வால் தெரியணுமான்னு கேளு," என்றான் ஒடேரா. பிறகு அவனே படிவத்தை மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்தான். மேசை ஆடுவது நின்றது.

பிப்ரவரியில் அக்கா மறுபடி போன் செய்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கப் பள்ளியில் ஏழு வயதுப் பெண். ஆணையத்தின் படத்தை அங்கே இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள். நாய் வந்த அன்று அவள் வீட்டில் நீலக் கிண்ணம் இல்லை. பக்கத்து வீட்டில் போய் வாங்கி வந்திருக்கிறாள். உள்ளங்கையில் கடி. அவள் உடனே சொல்லியிருக்கிறாள். அவளுடைய சித்தி மகன் கிதுலுனியில் படிக்கிறான், சொல்ல வேண்டும் என்று அவன்தான் சொல்லி வைத்திருந்தானாம். அம்மா கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். மூன்று ஊசி முடிந்துவிட்டது, இன்னும் இருக்கிறது.

"பொழச்சிருவா இல்லடி?"

"சீக்கிரம் போட்டிருக்காங்க அக்கா. பொழச்சிருவா."

"படத்த நிறுத்தச் சொல்லி நான் எழுதியிருக்கேன்."

ஆணையம் விரைந்து விசாரித்தது. முடிவை எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள், படத்தில் என் பெயர் இருப்பதால். சம்பவத்தின்போது நாயின் தாடை, காது, வால் ஆகியவை ஒப்புதல் பெற்ற தோற்றத்திலிருந்து விலகியிருந்ததாகச் சாட்சிகள் உறுதிப்படுத்துகின்றனர். ஆகவே அது படத்தில் காட்டப்பட்ட நாய் அல்ல. படம் குறைபாடற்றது. தொடர்ந்து காட்டப்படும்.

அக்கா சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வரவழைக்க மற்றப் பள்ளி ஆசிரியர்களிடம் பேசி வைத்திருக்கிறாள். முத்திரை, மைக், பந்தல் எதுவும் கிடையாது. கொஞ்சம் மண் தரை இருந்தால் போதும். நான் வெள்ளிக்கிழமை மாலை மட்டாட்டு வேன் ஏறிவிடுவேன். இப்போதெல்லாம் பாவாடைக்கு உள்ளே ஒடேராவின் பழைய கால்சட்டை போட்டுக்கொள்கிறேன். முழங்கால் புண் ஆறுவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறது.

படம் போயிருக்கும் பள்ளிகள் நாலாயிரம். வாரத்துக்கு ஒன்று என்றால் எழுபத்தேழு வருடம்.

மூன்று முடிந்திருக்கிறது.